இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள், ஒரே கணினி: அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டறியும் வழிமுறை

இரண்டாவது கிராபிக்ஸ் கார்டைப் பொருத்திய பிறகு எழும் சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் அந்தக் கார்டு அல்ல. அதற்கும் மற்ற பாகங்களுக்கும் இடையில் உள்ள ஏதோ ஒன்றுதான். எஸ்எம்பிஎஸ் (கணினியின் மின் வழங்கி) தரும் மின்சாரம், மதர்போர்டு பங்கிடும் லேன்கள் (தரவு செல்லும் தடங்கள்), பயாஸ் ஒதுக்கும் முகவரிகள், இயங்குதளத்தின் டிரைவர், கடைசியாக நாம் ஓட்டும் மென்பொருள் என்று ஐந்து படிகளைத் தாண்டிய பிறகே ஒரு கார்டு வேலைக்கு வருகிறது. எந்தப் படியில் அது நின்றுபோனது என்பதைப் பெரும்பாலும் அறிகுறியே காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே கார்டைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குக் கிளம்புவதற்கு முன், உங்கள் அறிகுறி கீழே எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்து அங்கிருந்து தொடங்குங்கள். இன்று இரண்டு கார்டுகளைச் சேர்த்துப் பொருத்துவோர் பெரும்பாலும் பிளெண்டர் என்னும் முப்பரிமாண மென்பொருளில் ரெண்டர் செய்பவர்களாகவோ உரையை உருவாக்கும் ஏஐ மொழி மாதிரிகளைச் சொந்தக் கணினியில் ஓட்டுபவர்களாகவோ இருப்பதால், எடுத்துக்காட்டுகளும் அவற்றையே ஒட்டியிருக்கும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒரு சோதனையைச் செய்துவிடுவது நல்லது. முதல் கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, சந்தேகத்துக்குரிய கார்டை மட்டும் முதல் ஸ்லாட்டில் பொருத்தி அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டுங்கள். அது ஒழுங்காக ஓடினால் கார்டு நலமாக உள்ளது. அடுத்து, நன்றாக ஓடும் கார்டை இரண்டாவது ஸ்லாட்டில் மட்டும் பொருத்திப் பாருங்கள். அது அங்கே தெரியாமல் போனால் பழுது ஸ்லாட்டிலோ பயாஸ் அமைப்பிலோ இருக்கிறது. இரண்டு கார்டுகளும் தனித்தனியே ஓடி, சேரும்போது மட்டும் தகராறு செய்தால், மின்சாரம், வெப்பம், முகவரி ஒதுக்கீடு ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் தேட வேண்டும்.

இரண்டாவது கார்டு எங்குமே தெரியவில்லை

விண்டோஸில் டிவைஸ் மேனேஜரையும் லினக்ஸில் இணைந்துள்ள வன்பொருள்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையையும் பாருங்கள். எல்எஸ்பிசிஐ பட்டியலில் கார்டு இருந்து, டிரைவர் அறிந்த கார்டுகளைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை மட்டும் அதைக் காட்டவில்லை என்றால் வன்பொருள் பிரச்சினை பெரும்பாலும் இல்லை என்று கொண்டு, டிரைவர் பற்றிய அடுத்த பகுதிக்குப் போய்விடலாம். எல்எஸ்பிசிஐ பட்டியலிலேயே அது இல்லை என்றால் கேபினெட்டைத் திறக்க வேண்டியதுதான்.

துணை மின் இணைப்புக் கேபிளைக் கழற்றி, கொக்கி மாட்டிக்கொள்ளும் ஓசை கேட்கும்வரை மீண்டும் அழுத்துங்கள். பிறகு மதர்போர்டின் கையேட்டில் ஸ்லாட்டுகளுக்கான அட்டவணையைப் படியுங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான். நிறைய போர்டுகளில் ஒரு குறிப்பிட்ட எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி பொருத்தப்பட்டால், அதனுடன் லேன்களைப் பகிரும் பிசிஐஇ ஸ்லாட் (கார்டைச் செருகும் நீள ஸ்லாட்) செயலிழந்துவிடும் அல்லது அதன் லேன்கள் பாதியாகிவிடும். எஸ்எஸ்டியை வேறு எம்.2 ஸ்லாட்டுக்கு மாற்றினாலே கார்டு தெரியத் தொடங்கும்.

கார்டை ஸ்லாட்டிலிருந்து விலக்கி வைக்க உதவும் ரைசர் என்ற நீட்டிப்புக் கேபிள் வழியாகப் பொருத்தியிருந்தால் முதல் சந்தேகம் அந்தக் கேபிள்மீதுதான் விழ வேண்டும். மூன்றாம் தலைமுறை பிசிஐஇக்கென்று செய்யப்பட்ட ரைசரில் நான்காம் தலைமுறைக் கார்டைப் பொருத்தும்போது, இரு முனைகளும் தம்மால் முடிந்த மிக உயர்ந்த வேகத்தில் பேச முயல்கின்றன; நடுவிலுள்ள கேபிள் அதைத் தாங்காததால் கார்டு தெரியாமல் போகிறது, அல்லது தெரிந்து பின்னர் மறைகிறது. பயாஸில் அந்த ஸ்லாட்டின் வேகத்தைத் தானியங்கி நிலையிலிருந்து ஜென் 3 என்று மாற்றிவிட்டுப் பாருங்கள்.

பழைய சர்வர்களிலிருந்து வரும் என்விடியாவின் டெஸ்லா பி40 போன்ற கார்டுகளை மலிவாக வாங்கிப் பொருத்துவோர் இந்த இடத்தில் மிகுந்த கவனத்துடன் இருக்க வேண்டும். அக்கார்டின் 8 பின் இணைப்பி, சாதாரண கிராபிக்ஸ் கார்டின் 8 பின் இணைப்பி அல்ல. பிராசசருக்கு மின்சாரம் தரும் இபிஎஸ் வகையைச் சேர்ந்தது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், 12 வோல்ட்டும் எர்த்தும் அமைந்திருக்கும் வரிசை தலைகீழானது. 4+4 என்று பிரியும் முனை பிராசசருக்கானது, 6+2 என்று பிரியும் முனை கிராபிக்ஸ் கார்டுக்கானது என்பதைக் கையில் எடுத்துப் பார்த்துத் தெளிந்த பிறகே செருகுங்கள். இவ்வகைக் கார்டுகளில் விசிறியும் கிடையாது. சர்வரின் விசிறிகளை நம்பிச் செய்யப்பட்டவை என்பதால், தனியாக ஒரு விசிறியைப் பொருத்தாமல் சுமை கொடுக்கக் கூடாது.

கார்டு தெரிகிறது, ஆனால் மஞ்சள் முக்கோணம் விழுகிறது

டிவைஸ் மேனேஜரில் அந்தக் கார்டின் பண்புகளைத் திறந்தால் ஒரு கோடு எண் இருக்கும். அது 12 ஆக இருந்தால், அந்தச் சாதனத்துக்கு ஒதுக்கப் போதுமான வளம் இல்லை என்று விண்டோஸ் சொல்கிறது. இங்கே வளம் என்பது முகவரி வெளியைக் குறிக்கிறது. ஒவ்வொரு கார்டும் தன் மெமரியை பிராசசர் அணுகுவதற்காக ஒரு முகவரிச் சாளரத்தைக் கேட்கிறது. சாதாரணமாக அது 256 எம்பி அளவில் இருக்கும். ரீசைசபிள் பார் வசதியை இயக்கினால் கார்டின் மெமரி முழுவதையும் அடக்கும் அளவுக்குப் பெரிதாகிவிடும். 24 ஜிபி கார்டு ஒன்று 32 ஜிபி சாளரத்தைக் கேட்கும், ஏனெனில் இந்த அளவுகள் இரண்டின் அடுக்குகளாகவே அமையும். 4 ஜிபி எல்லைக்குக் கீழே இத்தனைக்கும் இடமில்லை. பயாஸில் அபவ் 4ஜி டிகோடிங் என்ற தெரிவை இயக்கினால்தான் அந்த எல்லைக்கு மேலே இடம் ஒதுக்கப்படும். சில போர்டுகளில் இரண்டு கார்டுகளையும் பொருத்தியவுடன் திரையே வராமல் போவதற்கும் இதுவே காரணம். அப்போது ஒரு கார்டை மட்டும் வைத்து இத்தெரிவை மாற்றிவிட்டு, அணைத்த பின் இரண்டாவதைப் பொருத்துங்கள்.

இதோடு சிஎஸ்எம் என்னும் பழைய பூட் முறையையும் நிறுத்த வேண்டியிருக்கும். விண்டோஸ் எம்பிஆர் என்ற பழைய வட்டுப் பிரிப்பு முறையில் நிறுவப்பட்டிருந்தால், சிஎஸ்எம்மை நிறுத்தியதும் கணினி பூட் ஆகாது. பதற வேண்டாம், சிஎஸ்எம்மை மீண்டும் இயக்கி உள்ளே போய், முக்கியக் கோப்புகளை வேறிடத்தில் பிரதி எடுத்துக்கொண்டு, விண்டோஸிலேயே உள்ள எம்பிஆர்2ஜிபிடி கருவியால் வட்டை மாற்றிவிட்டு, அதன் பிறகு நிறுத்துங்கள்.

கோடு 43 என்றால், கோளாறு இருப்பதாகக் கார்டே தெரிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது என்று பொருள். டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற கருவியைச் சேஃப் மோடில் ஓட்டிப் பழைய டிரைவரின் எச்சங்களை அகற்றிய பின் புதிதாக நிறுவுங்கள். கார்டு தனியாக இருக்கும்போதும் அதே எண் வந்தால் மட்டுமே கார்டைக் குறை சொல்லலாம்.

வெவ்வேறு தலைமுறைக் கார்டுகளைச் சேர்ப்பதில் ஒரு வரம்பு உண்டு. ஒரே நிறுவனத்தின் இரு கார்டுகளுக்கும் பொதுவாக ஒரே டிரைவர்தான் இயங்கும். கெப்ளர் என்னும் பழைய தலைமுறைக் கார்டுகளுக்கு என்விடியாவின் 470 வரிசை டிரைவரே கடைசி. ஆர்டிஎக்ஸ் 40 வரிசைக்கு அதைவிடப் புதிய டிரைவர் வேண்டும். இவ்விரண்டையும் ஒரே கணினியில் இயக்க வழியில்லை. லினக்ஸில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்குத் திறந்த மூலக் கெர்னல் மாட்யூல்கள் கட்டாயம். அவையோ டூரிங்குக்கு (ஆர்டிஎக்ஸ் 20 வரிசையின் தலைமுறைக்கு) முந்தைய தலைமுறைகளை ஏற்காதவை. ஆகவே ஜிடிஎக்ஸ் 1080 போன்ற பாஸ்கல் கார்டை அதனுடன் சேர்த்தால் இரண்டில் ஒன்று வெளியே நிற்கும்.

சுமை ஏறியதும் கணினி அணைந்துபோகிறது

சும்மா இருக்கும்போது நாள் முழுவதும் ஓடும் கணினி, ரெண்டர் தொடங்கிய சில நொடிகளில் சட்டென்று அணைந்தால் எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று வேலை செய்திருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 3090 ஒன்றின் மின்தேவை 350 வாட். இரண்டு சேர்ந்தால் 700 வாட். பிராசசரையும் மற்றவற்றையும் கூட்டினால் 900 வாட்டை எளிதில் தொடும். இது சராசரிக் கணக்குதான். இந்தக் கார்டுகள் சில மில்லிநொடிகளுக்குத் தம் அளவைத் தாண்டி மின்சாரத்தை இழுக்கும் வழக்கம் உள்ளவை. இரண்டும் ஒரே தருணத்தில் அப்படி இழுத்தால், கணக்குப்படி போதுமானதாகத் தெரியும் 1000 வாட் எஸ்எம்பிஎஸ்கூடத் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். இவ்வகைக் கார்டுகள் இரண்டுக்கு 1200 வாட்டுக்குக் குறையாத நல்ல எஸ்எம்பிஎஸ் தேவை என்பது என் கருத்து.

இதுதான் காரணமா என்று உறுதிப்படுத்தச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையில் பிஎல் என்ற தெரிவைச் சேர்த்து, ஒவ்வொரு கார்டின் மின்வரம்பையும் 250 வாட்டாகக் குறைத்துவிட்டு, அதே ரெண்டரை மீண்டும் ஓட்டுங்கள். இப்போது கணினி அணையவில்லை என்றால் விடை கிடைத்துவிட்டது. பலர் இந்த வரம்பை நிரந்தரமாகவே வைத்துக்கொள்கிறார்கள்; வாட் குறைந்த விகிதத்துக்கு வேகம் குறைவதில்லை என்பதாலும், வெப்பமும் சத்தமும் தணிவதாலும் அது நல்ல முடிவுதான். கணினியை மறுபடி தொடங்கும்போது இந்த வரம்பு பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பதால், தொடக்கத்திலேயே ஓடும்படி ஒரு ஸ்கிரிப்டில் எழுதி வையுங்கள்.

எஸ்எம்பிஎஸ் பெரிதாக இருந்தும் சிக்கல் தொடர்ந்தால் கேபிள்களைக் கவனியுங்கள். ஒரு 8 பின் இணைப்பிக்கு வகுக்கப்பட்ட அளவு 150 வாட். ஸ்லாட் தருவது 75 வாட். ஒரே கேபிளின் நுனியில் இரண்டு முனைகள் கிளைத்திருக்கும் வகையில், இரண்டையும் ஒரே கார்டில் செருகினால் மொத்த மின்னோட்டமும் எஸ்எம்பிஎஸ் பக்கத்திலுள்ள ஒற்றை இணைப்பி வழியாகவே போகிறது. ஒவ்வொரு இணைப்பிக்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனிக் கேபிள் வரட்டும். ஒரு நிறுவனத்தின் மாடுலர் கேபிளை வேறு நிறுவனத்தின் எஸ்எம்பிஎஸ்ஸில் செருகவே கூடாது. துளைகள் பொருந்தினாலும் உள்ளே வரிசை வேறாக இருக்கும்.

ஆர்டிஎக்ஸ் 40 வரிசையில் வந்த 16 பின் இணைப்பியில், முனை முழுவதும் உள்ளே போகாமல் இருந்ததால் உருகிய நிகழ்வுகள் 2022இல் பரவலாகப் பேசப்பட்டன. டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பாருங்கள்: கேபிள் முனையின் விளிம்புக்கும் கார்டில் உள்ள கூட்டுக்கும் இடையில் ஒரு கோடுபோலக்கூட இடைவெளி தெரியக் கூடாது. இரண்டு கார்டுகள் நெருக்கமாக இருக்கும்போது கேபினெட்டின் பக்கக் கதவு கேபிளை அழுத்தி வளைத்துவிடும். முனைக்கு வெகு அருகில் வளையாதபடி கேபிளைத் திருப்பி விடுங்கள்.

நம் வீடுகளில் இன்னொன்றும் உண்டு. கணினிக் கடைகளில் பரவலாக விற்கும் 600 விஏ யூபிஎஸ் ஏறத்தாழ 360 வாட்டைத்தான் தாங்கும். மின்சாரம் நின்ற நொடியில் இரண்டு கார்டுகளும் சுமையில் இருந்தால் அது கீச்சிட்டு அணைந்துவிடும். கணினியின் மேல் பழிபோடுவதற்கு முன், யூபிஎஸ்ஸை விலக்கிச் சுவர் இணைப்பில் நேராகச் சில நிமிடங்கள் ஓட்டிப் பாருங்கள்.

மேலே உள்ள கார்டு மட்டும் வேகம் குறைகிறது

பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு மேல் ஸ்லாட்டிலுள்ள கார்டு தளர்ந்தால் அது வெப்பம். சாதாரண டவர் கேபினெட்டில் கார்டின் விசிறிகள் கீழ்நோக்கி இருக்கும். ஆகவே மேல் கார்டு, கீழ்க் கார்டின் முதுகிலிருந்து எழும் சூடான காற்றையே உறிஞ்சுகிறது. ஆர்டிஎக்ஸ் 3090 விஷயத்தில் இது இன்னும் கடுமை: அதன் 24 மெமரி சிப்புகளில் 12 கார்டின் பின்பக்கத்தில் அமைந்துள்ளன, கீழ்க் கார்டின் அந்தச் சூடு நேராக மேல் கார்டின் விசிறிக்குள் போகிறது. அதில் உள்ள ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி 110 டிகிரி செல்சியஸை எட்டும்போது கார்டு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. கார்டின் மைய வெப்பநிலை 75 என்று காட்டினாலும் மெமரி அந்த எல்லையில் நின்றுகொண்டிருக்கலாம் என்பதால், விண்டோஸில் எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற கருவியில் மெமரி வெப்பத்தைத் தனியாகப் பாருங்கள். என்விடியா-எஸ்எம்ஐயின் விரிவான வெளியீட்டில், வேகம் குறைந்ததற்குக் காரணம் வெப்பமா மின்வரம்பா என்பதும் தனித்தனி வரிகளாக வரும்.

கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு ஒரு மேசை விசிறியை கார்டுகளுக்கு இடையே வீசும்படி வையுங்கள். வெப்பம் உடனே இறங்கினால் காற்றோட்டம்தான் குறை. கார்டுகளுக்கு இடையில் ஒரு ஸ்லாட்டாவது காலியாக இருக்கும்படி இடம் மாற்றுவது, சூட்டைக் கேபினெட்டின் பின்புறம் வழியாக வெளியே தள்ளும் புளோயர் வகைக் கார்டை மேலே வைப்பது, ஒரு கார்டை ரைசரில் விலக்கி நிறுத்துவது ஆகியவை நிரந்தரத் தீர்வுகள். அறையின் வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் கார்டின் வெப்பமும் ஏறத்தாழ அதே அளவு ஏறும். மார்கழியில் சரியாக ஓடிய அமைப்பு சித்திரையில் திணறுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இரண்டும் தெரிகின்றன, வேகம் மட்டும் கூடவில்லை

விளையாட்டுகளுக்காக இரண்டாவது கார்டை வாங்கியிருந்தால், பிழை எங்கும் இல்லை. அந்த வழியே மூடப்பட்டுவிட்டது. இரண்டு கார்டுகளைச் சேர்த்து விளையாட்டை ஓட்ட என்விடியா 2004இல் கொண்டுவந்த எஸ்எல்ஐ முறைக்கு ஒவ்வொரு விளையாட்டுக்கும் டிரைவரில் ஒரு புரொஃபைல் தேவைப்பட்டது. ஆர்டிஎக்ஸ் 20 வரிசைக்கும் முந்தையவற்றுக்கும் 2021 ஜனவரி 1 முதல் புதிய புரொஃபைல்கள் சேர்க்கப்படுவதில்லை. ஆர்டிஎக்ஸ் 3090இல் அந்த ஆதரவை விளையாட்டே தன்னுள் கொண்டிருக்க வேண்டும். ஆர்டிஎக்ஸ் 4090இல் இரு கார்டுகளை நேரடியாகப் பிணைக்கும் என்வி-லிங்க் இணைப்பியே இல்லை. இரண்டு கார்டுகளின் விலையில் ஒரே பெரிய கார்டை வாங்குவதே விளையாடுவோருக்குச் சரி.

பிளெண்டரில் பிரிஃபரன்சஸ் பகுதியில் சிஸ்டம் பக்கத்தைத் திறந்து, இரண்டு கார்டுகளுக்கும் எதிரே குறியிட்டிருக்கிறதா என்று பாருங்கள். காட்சி அமைப்பில் சைக்கிள்ஸ் என்ற ரெண்டர் முறையின் சாதனமாக ஜிபியூ (கிராபிக்ஸ் கார்டு) தேர்வாகியிருக்கவும் வேண்டும். ஒரு பிரேம் சில நொடிகளிலேயே முடிந்துவிடும் சிறிய காட்சிகளில் தயாரிப்பு வேலைக்கே பெரும்பகுதி நேரம் போய்விடுவதால் இரண்டாவது கார்டின் பலன் தெரியாது.

மொழி மாதிரியை லாமா.சிபிபி என்ற மென்பொருள் கொண்டு ஓட்டும்போது ஒவ்வொரு கார்டும் 50 விழுக்காடு அளவிலேயே நிற்பதைக் கண்டு பலர் குழம்புகிறார்கள். அது பழுதல்ல. மாதிரியின் அடுக்குகளைப் பாதிப்பாதியாகப் பிரித்து வைக்கும் முறையில், ஒரு சொல்லை உருவாக்க முதல் கார்டு தன் அடுக்குகளை முடித்த பிறகே இரண்டாவது கார்டு தொடங்க முடியும். ஒன்று உழைக்கும்போது மற்றது காத்திருக்கிறது. இம்முறையில் இரண்டாவது கார்டு தருவது கூடுதல் இடம். வேகத்தை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

லேன்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். சாதாரண டெஸ்க்டாப் பிராசசர்கள் கிராபிக்ஸுக்கென்று 16 லேன்களே தருகின்றன. அவற்றை எட்டெட்டாகப் பிரிக்கும் வசதி சில போர்டுகளில்தான் உண்டு. மற்றவற்றில் இரண்டாவது நீள ஸ்லாட் சிப்செட் வழியாக நான்கே லேன்களைப் பெறுகிறது. ஜிபியூ-ஸீ கருவியில் இதைப் பார்க்கும்போது கார்டுக்குச் சுமை கொடுத்துக்கொண்டே பாருங்கள். சும்மா இருக்கும் கார்டு மின்சாரத்தைச் சேமிக்க இணைப்பின் வேகத்தைத் தானே குறைத்து வைத்திருக்கும். மூன்றாம் தலைமுறையில் நான்கு லேன் என்றால் நொடிக்குச் சுமார் 4 ஜிபி. ரெண்டரிங்குக்கும் மேலே சொன்ன அடுக்குப் பிரிப்புக்கும் அது போதும். ஆனால் கார்டுகள் ஓயாமல் தமக்குள் தரவைப் பரிமாறும், மொழி மாதிரிகளைப் பயிற்றும் வேலைக்குப் போதவே போதாது.

மொத்த மெமரி போதும், ஆனாலும் மெமரி இல்லை என்கிறது

12 ஜிபி கார்டுகள் இரண்டு இருந்தால் 24 ஜிபி என்று எல்லா மென்பொருளும் கணக்கிடுவதில்லை. பிளெண்டர் முழுக் காட்சியையும் ஒவ்வொரு கார்டிலும் தனித்தனியே ஏற்றுகிறது. ஆகவே சிறிய கார்டின் மெமரியே எல்லை. மொழி மாதிரிகளில் பிரித்து வைக்க முடியும் என்றாலும், திரை இணைக்கப்பட்ட கார்டில் இயங்குதளமும் உலாவியும் ஏற்கெனவே இடம் பிடித்திருக்கும். எந்தக் கார்டில் எவ்வளவு வைப்பது என்று சொல்லும் டென்சர் ஸ்பிளிட் விகிதத்தில் அந்தக் கார்டுக்குச் சற்றுக் குறைவாக ஒதுக்குங்கள்.

விண்டோஸில் இதற்கு நேரெதிரான அறிகுறியும் வரும்: பிழைச் செய்தி எதுவும் வராது, ஆனால் வேகம் பன்மடங்கு விழுந்துவிடும். கார்டின் மெமரி நிறைந்ததும் என்விடியா டிரைவர் மிச்சத்தைக் கணினியின் ரேமில் வைப்பதே காரணம். என்விடியா கண்ட்ரோல் பேனலில் குடா சிஸ்மெம் ஃபால்பேக் என்ற அமைப்பை நிறுத்திவிட்டால், மெதுவாக ஓடுவதற்குப் பதில் பிழை வெளிப்படையாக வரும், அதுவே மேல்.

தவறான கார்டு வேலை செய்கிறது

என்விடியா-எஸ்எம்ஐ கார்டுகளுக்கு ஸ்லாட் வரிசைப்படி எண் தருகிறது. மென்பொருள்கள் கார்டில் கணக்கிடப் பயன்படுத்தும் என்விடியாவின் குடாவோ இயல்பாக வேகமான கார்டுக்கே 0 என்ற எண்ணைத் தருகிறது. நீங்கள் கார்டு 1 என்று குறிப்பிட்டது இதனால் வேறொன்றில் போய் ஓடும். குடா டிவைஸ் ஆர்டர் என்ற சூழல் மாறியை பிசிஐ பஸ் ஐடி என்று அமைத்தால் இரண்டின் எண்களும் ஒத்துப்போகும்.

பயிற்சி தொடங்கி, அப்படியே நின்றுவிடுகிறது

இரண்டு கார்டுகளும் 100 விழுக்காடு உழைப்பதாகக் காட்டுகின்றன, ஆனால் மின்செலவு மிகக் குறைவாக இருக்கிறது, திரையில் ஒரு வரியும் நகரவில்லை என்றால், கார்டுகள் கணக்குப் போடவில்லை. ஒன்றிடமிருந்து வரவேண்டிய தரவுக்காக மற்றது காத்திருக்கிறது. கார்டுகள் நேரடியாகப் பேசிக்கொள்ளும் வழியை பயாஸிலுள்ள ஐஓஎம்எம்யூ (சாதனங்களின் மெமரி அணுகலைக் கட்டுப்படுத்தும் வசதி) அமைப்பு சுற்றிவிடுவது இதற்கான காரணங்களில் ஒன்று. கார்டுகளின் நேரடிப் பேச்சை நிறுத்தும் என்சிசிஎல் பி2பி டிசேபிள் என்ற சூழல் மாறியை 1 என்று அமைத்து ஓட்டுங்கள். இப்போது பயிற்சி நகர்ந்தால் காரணம் உறுதி. மெய்நிகர் கணினிகள் உங்களுக்குத் தேவையில்லை என்றால் ஐஓஎம்எம்யூவை நிறுத்திவிடலாம். டாக்கர் என்ற கொள்கலன் மென்பொருளுக்குள் ஓட்டுபவர்கள் பகிர்மெமரியின் அளவையும் கூட்ட வேண்டும். அதன் இயல்பான 64 எம்பி இந்த வேலைக்குப் போதாது.

பல மணி நேரம் ஓடிய பின் ஒரு கார்டு காணாமல் போகிறது

லினக்ஸின் கெர்னல் பதிவில் எக்ஸ்ஐடி 79 என்ற எண்ணைத் தேடுங்கள். கார்டு பிசிஐஇ பாதையிலிருந்து விழுந்துவிட்டது என்பதே அதன் பொருள். ரைசர், மின் கேபிள், வெப்பம் என்ற வரிசையில் சரிபாருங்கள். அதற்கு முந்தைய வரிகளில் திருத்தப்பட்ட பிசிஐஇ பிழைகள் சரம் சரமாக வந்திருந்தால், கார்டைக் கழற்றித் தங்கத் தொடுமுனைகளைத் துடைத்து, தொங்காதபடி முட்டுக் கொடுத்து மீண்டும் பொருத்துங்கள். ரைசர் இல்லாமல், தனியாக, மின்வரம்பு குறைக்கப்பட்ட நிலையில், வேறொரு கணினியிலும் அதே கார்டு அதே எண்ணுடன் விழுந்தால், இப்போதுதான் அது கார்டின் பழுது. அந்தப் பதிவு வரிகளையும், எந்தெந்த ஸ்லாட்டில் எந்த எஸ்எம்பிஎஸ்ஸுடன் சோதித்தீர்கள் என்ற குறிப்பையும் இணைத்து உத்தரவாதத்துக்கு அனுப்புங்கள்.